இரக்கத்திற்குப் பால் வேற்றுமை உண்டோ?

காஞ்சிக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை அடுத்து, பட்டுத் தறிகளின் ஓசையும் பெருமாள் கோயிலின் மணியோசையும் கலந்து ஒலிக்கும் சிற்றூர் திருப்புட்குழி. புள் என்றால் பறவை. அந்தப் பறவை சடாயு. சீதையைக் கவர்ந்து சென்ற இராவணனை வழிமறித்துப் போரிட்டு மடிந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இதுவே என்கிறது இவ்வூர்த் தலபுராணம். அந்தக் கதையின் முடிவை நாம் அனைவரும் அறிவோம். கவர்ந்தவன் ஓர் ஆடவன். கவரப்பட்டவள் ஒரு பெண். ஆயினும், தன் தூய்மையை மெய்ப்பிக்கத் தீயில் இறங்க வேண்டியிருந்தவள் கவரப்பட்டவளே! அண்டை வீட்டாரின் சமய நம்பிக்கையைக் குறைகூற இதை நான் எடுத்துரைக்கவில்லை. நம் விவிலியத்திலும் இதையொத்த காட்சி உண்டு. அதைப் பின்னர்க் காண்போம். ஆணின் குற்றத்திற்குப் பெண் விடை சொல்ல வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இவ்வூரின் பெயரே நினைவுச் சின்னமாக நிற்கிறது என்பதே நான் சொல்ல வந்தது.

'அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது நிலைமை தலைகீழ்' என்பது இன்று பலருடைய வாதம். தேநீர்க் கடையிலும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துத் திண்ணையிலும், ஏன், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போதும்கூட இவ்வாதம் காதில் விழுகிறது. 'ஆண் செய்தால் ஆயுள் தண்டனை. பெண் செய்தால் அனுதாபம்' என்று பொருமுகிறார்கள் சிலர். 'பெண் என்றால் பேயும் இரங்கும்; நீதிபதி இரங்கக்கூடாதா?' என்று மறுமொழி தருகிறார்கள் வேறு சிலர். முதலாமவர்களுக்குச் சினம், இரண்டாமவர்களுக்குப் பரிவு. இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள் என்பதே என் துணிபு. பெண் என்பதற்காகக் காட்டப்படும் இரக்கம் பெண்ணுக்குச் செய்யும் நன்மையும் ஆகாது. ஆணுக்குச் செய்யும் நீதியும் ஆகாது. இரக்கம் வேண்டும். ஆனால் அந்த இரக்கத்திற்குரிய காரணம் வழக்கில் இருக்க வேண்டுமே ஒழியப் பிறப்பில் இருத்தலாகாது.

வேறுபாடு உண்டா?

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியை சோன்யா ஸ்டார் என்பவர் 2012-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்நாட்டு நடுவண் நீதிமன்றங்களில், ஒரே வகைக் குற்றத்திற்காகக் கைதாகி, ஒத்த பின்னணியும் கொண்டவர்களை ஒப்பிட்டபோது, ஆண்கள் பெற்ற தண்டனைக் காலம் பெண்களுடையதைக் காட்டிலும் சராசரியாக நூற்றுக்கு 63 பங்கு மிகுதி என்று அவர் கண்டார். சிறைக்கே செல்லாமல் தப்புவதற்கான வாய்ப்பும் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு இருந்ததாம்.

நம் நாட்டில் சட்டமே சில இடங்களில் இவ்வேறுபாட்டை எழுதி வைத்துள்ளது. 1973-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம் பிணை வழங்குவதில் பெண்களுக்குத் தனிச் சலுகை அளித்தது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கப்படத் தகாத குற்றத்தில் முதன்முறையாகச் சிக்கிய பெண்ணை, அவள் எவ்வயதினளாயினும், நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க வழி செய்தது. ஆணுக்கோ அக்குற்றங்கள் அனைத்திற்கும் அவ்வழி திறக்க வேண்டுமாயின் அவன் 21 வயதுக்கு உட்பட்டவனாய் இருத்தல் வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் இவை தொடர்கின்றன. நம் சிறைகளில் உள்ளவர்களில் பெண்கள் நூற்றுக்கு நால்வர் அளவே.

ஆகவே சினம் கொள்ளும் ஆடவர் கற்பனையில் உழல்வதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்கள் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. இந்தச் சலுகை எங்கிருந்து வருகிறது? இதற்கு விலையாகப் பெண் எதைக் கொடுக்கிறாள்?

ஒரு குழந்தை, இரு பெற்றோர்

திருப்புட்குழியிலிருந்து பெங்களூர்ப் பெருவழியில் சென்னையை நோக்கிச் சென்றால் வருவது திருப்பெரும்புதூர். 1991 மே 21-ஆம் நாள் இரவு ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் அங்கே கொல்லப்பட்டனர். மாண்டவர்களிலும் பெற்றோர் இருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளும் அநாதைகளாயினர். அதனை மறந்துவிட்டு இவ்வழக்கைப் பற்றிப் பேசுவது அறமாகாது. 1998 சனவரியில் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்களுள் முருகன், சாந்தன், பேரறிவாளன், நளினி ஆகிய நால்வருக்கு மட்டும் அத்தண்டனையை உறுதிசெய்தது.

நளினியைப் பொறுத்தவரை மூன்று நீதிபதிகளும் ஒருமித்த கருத்துடையவர்களாய் இல்லை. நீதிபதி கே. டி. தாமஸ் அவருக்கு ஆயுள் தண்டனையே போதும் என்றார். சதியில் அவர் தலைமைப் பங்கு வகிக்கவில்லை. பிறரால் ஈர்க்கப்பட்டு, பின்னர் மீள வழியறியாமல் சிக்கிக்கொண்டவர். சிறையில் பிறந்த பெண் குழந்தை ஒன்று அவருக்கு உண்டு. அக்குழந்தையின் தந்தையான முருகனும் தூக்கிலிடப்படவிருப்பதால், தாயையாவது விட்டுவைத்து அதனை அநாதையாகாமல் காக்க வேண்டும் என்பவை அவர் காட்டிய காரணங்கள். பெண் என்பதும் தாய் என்பதும் தூக்கிலிருந்து விலக்களிக்கப் போதிய காரணங்கள் ஆகா என்று மற்ற இரு நீதிபதிகளும் கொண்டனர். 2000 ஏப்ரலில், தமிழக அமைச்சரவையின் பரிந்துரையை ஏற்று, ஆளுநர் பாத்திமா பீவி நளினியின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்.

மரண தண்டனையை எவ்வடிவிலும் ஏற்கவியலாது என்று 2018-இல் நம் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு திருத்தப்பட்டுள்ளது. எனவே எவருடைய கழுத்திலிருந்து கயிறு கழற்றப்பட்டாலும் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அக்கயிற்றைக் கழற்றிய காரணங்களைச் சற்றுப் பகுத்துப் பாருங்கள். சதியில் சிறு பங்கு என்பது நல்ல காரணம். மீள முடியாமல் சிக்கிக்கொண்ட நிலை என்பதும் நல்ல காரணம். இரண்டும் வழக்கிற்குள்ளேயே இருப்பவை, ஆணுக்கும் பொருந்துபவை. குழந்தை அநாதையாகக் கூடாது என்பதும் ஒப்பற்ற காரணமே. ஆனால் அக்குழந்தைக்குப் பெற்றோர் இருவர் அல்லரோ? அநாதையாதலைத் தடுப்பதே நோக்கமெனில், ஒருவர் வாழப் போதும். அந்த ஒருவர் தாயாகவே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது எது? பிள்ளை என்றால் தாயின் பொறுப்பு என்னும் நம் பழைய வழக்கமே அன்றோ? தாய்க்கு 2000-இல் கிட்டிய தண்டனைக் குறைப்பு, தந்தைக்குக் கிட்ட 2014 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் பிள்ளையின் பொருட்டு அது கிடைக்கவில்லை. கருணை மனு ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்த காலதாமதத்தின் பொருட்டே கிடைத்தது. பதினான்கு ஆண்டுகள்! 2022-இல் அவ்வழக்கில் எஞ்சியிருந்தோர் அனைவரும் விடுதலையாயினர். ஆனால் 'தந்தையும் பெற்றோர்தானே?' என்னும் கேள்வி விடையின்றி நிற்கிறது.

இதன் மறுபக்கத்தையும் காண்போம். திருப்புட்குழிப் பெருமாள் கோயிலில் தாயார் மரகதவல்லியை வேண்டி, வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு படுத்துறங்கும் பெண்களின் வழக்கம் இப்பகுதியில் பெயர்பெற்றது. காலையில் பயறு முளைவிட்டிருந்தால் மகப்பேறு வாய்க்கும் என்பது நம்பிக்கை. குழந்தையில்லை என்றால் கண்ணீரோடு மடியில் பயறு கட்டுபவள் பெண்ணே. நாளை அத்தகைய பெண்ணொருத்தி ஒரு குற்றத்தில் சிக்கி நீதிமன்றத்தில் நிற்பாளாயின், அவளுக்காக எந்தக் குழந்தையைக் காட்டுவார் வழக்கறிஞர்? பெண்ணுக்கு இரக்கம் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பது, உண்மையில் தாய்க்கு இரக்கம், நல்ல மனைவிக்கு இரக்கம், அடக்கமான மகளுக்கு இரக்கம். அந்தச் சட்டகத்திற்குள் அடங்காதவளுக்கு அவ்விரக்கம் கிட்டும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

சலுகையின் விலை

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை எண்ணிப் பாருங்கள். பிறன் மனைவியோடு கூடிய ஆடவனுக்கு ஐந்தாண்டு வரை சிறை. அப்பெண்ணுக்கோ, உடந்தை என்ற அளவில்கூடத் தண்டனை இல்லை. 'ஆகா, பெண்ணுக்கு எத்தகைய சலுகை!' என்று தோன்றும். 1954-இல் உச்ச நீதிமன்றமும் பெண்களுக்கான சிறப்பு ஏற்பாடு என்று கூறி இதனை நிலைநிறுத்தியது. ஆனால் அப்பிரிவின் எஞ்சிய பகுதியைப் படித்தவர் எத்தனை பேர்? கணவன் இசைந்தாலோ கண்டும் காணாதிருந்தாலோ அது குற்றமே ஆகாது. வழக்குத் தொடரும் உரிமை கணவனுக்கு உண்டு; தன் கணவன் பிற பெண்ணை நாடினால் மனைவிக்கு அவ்வுரிமை இல்லை. அதாவது, அவள் கணவனின் உடைமை. உடைமையைத் திருடியவனுக்குத் தண்டனை உண்டு. திருடப்பட்ட பொருளுக்கு யார் தண்டனை விதிப்பார்? 2018 செப்டம்பர் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அப்பிரிவை நீக்கியபோது கண்டித்தது இந்த உடைமைக் கருத்தையே. ஏறத்தாழ 158 ஆண்டுகள் பெண் பெற்றிருந்த சலுகை, அவளை ஆளாக மதியாமையின் மறுபெயராக இருந்தது.

இதே மனநிலை சலுகையைப் பறித்துக்கொண்டு கொடுமையாகவும் மாறும். இங்கிலாந்தில் 1351-ஆம் ஆண்டின் சட்டப்படி, மனைவியைக் கொன்ற கணவன் வெறும் கொலைகாரன், அவனுக்குத் தூக்கு. கணவனைக் கொன்ற மனைவியோ துரோகி. அரசனுக்கு எதிராக எழுந்த குடிபோன்றவள். அவளுக்கு விதிக்கப்பட்டது நெருப்பு. பெண்களை எரிக்கும் இத்தண்டனை 1790-இல்தான் அந்நாட்டில் ஒழிந்தது. அத்தனித் துரோகக் குற்றம் 1828-இல் ஒழிந்தது. கணவனுக்குக் கீழ்ப்பட்டவள் என்பதால், அவன் நிழலில் செய்த குற்றத்திற்கு மன்னிப்பு. அவனுக்கு எதிராகச் செய்த குற்றத்திற்குத் தீ. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. வேரை விட்டுவிட்டுக் கிளையொன்றை மட்டும் போற்றுவது அறியாமை.

ஆடவருக்குச் சலுகை இல்லையா?

'சரி, எங்களுக்கு எப்போது இரக்கம் கிடைத்தது?' என்று ஆடவர் கேட்கலாம். கிடைத்திருக்கிறது, அதற்கு வேறு பெயர்கள் இருந்தன, அவ்வளவே.

1881-இல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கொன்று சட்டம் பயில்வோர் அனைவரும் அறிந்தது. தன் மனைவி தன் பகைவனோடு கூடியிருந்ததை ஒருவன் கண்டான். அன்றிரவு அவன் உணவு கொள்ளவில்லை. மறுநாள் காலை கூலி வாங்கச் சென்றபோது, அவ்விருவரும் சேர்ந்து உண்பதைக் கண்டு, அரிவாளால் அப்பகைவனை வெட்டிக் கொன்றான். திடீர்க் கடுஞ்சினம் என்னும் விலக்கு இவனுக்குப் பொருந்தும் என்றது நீதிமன்றம். இரவு முழுதும் கனன்ற சினத்தைத் திடீர்ச் சினத்தோடு சேர்த்து எண்ணியது அன்றைய நீதி. 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றபோது, ஜூரிகள் ஒன்பதின்மரில் எண்மர் அவரைக் குற்றமற்றவர் என்றனர். சினம் ஆறுவதற்குப் போதிய நேரம் இருந்தது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1961-இல் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. ஆயினும் 1964-இல் ஆளுநரின் மன்னிப்பு அவருக்குக் கிட்டியது. 'மானமுள்ள கணவன்' என்பதே அன்று பொதுமக்கள் அவருக்குச் சூட்டிய மகுடம்.

அண்மைக் காலத்திற்கு வாருங்கள். 2015 சூனில், பாலியல் வன்கொடுமைக்காகக் கடலூர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட ஒருவன், பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்கு ஏதுவாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பிணை பெற்றான். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது; இத்தகைய குற்றத்தில் சமரசத்திற்கு இடமே இல்லை என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது; பின்னர் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. 2020-இல் மத்தியப் பிரதேசத்தில், பெண்ணொருத்தியை மானபங்கப்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, அவளிடமே சென்று ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்னும் நிபந்தனையோடு பிணை வழங்கப்பட்டது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்நிபந்தனையை நீக்கியது. 2013 வரை, பாலியல் வன்கொடுமைக்குரிய குறைந்த அளவுத் தண்டனையையும், 'தக்க சிறப்புக் காரணம்' காட்டி மேலும் குறைக்க நீதிபதிகளுக்குச் சட்டத்தில் இடமிருந்தது என்பதையும் மறவாதீர்கள்.

பெண்ணுக்குக் கிட்டும் சலுகை 'பாவம், அவள் பெண்' என்று வருகிறது. ஆணுக்குக் கிட்டும் சலுகை 'மானம்' என்றும், 'குடும்பம்' என்றும், 'எதிர்காலம்' என்றும் வருகிறது. முன்னதை எல்லாரும் காண்கிறார்கள். பின்னதை எவரும் சலுகை என்றே அழைப்பதில்லை.

நல்லதங்காளின் கிணறு

அவ்வாறாயின் இரக்கத்தையே தராசிலிருந்து எடுத்துவிடலாமா? கூடாது. வள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கண்ணோட்டத்திற்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னதில், எவரிடத்தும் கண்ணோட்டம் காட்டாமல் ஆராய்ந்து நீதி செய்யுமாறு பணித்தார். பின்னதிலோ, கண்ணோட்டம் இல்லாதவர்களைப் பூமிக்குப் பாரம் என்றார். இரண்டும் முரண்பாடா? இல்லை. முகத்தைப் பார்த்து எழும் கண்ணோட்டத்தை அவர் விலக்கினார். கடமை கெடாமல் காட்டும் கண்ணோட்டத்தை வேண்டினார்.

அந்த இரண்டாம் வகைக்கு நம் மண்ணிலேயே எடுத்துக்காட்டு உண்டு. வறுமையாலும் அவமானத்தாலும் தன் பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் விழுந்து மாண்ட நல்லதங்காளின் கதையைக் கேட்டு அழாத தமிழ்த் தாய்மார் இல்லை. கதையில் அவள் மாண்டுவிடுகிறாள். வாழ்விலோ, சில நல்லதங்காள்கள் பிழைத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் மட்டும் மாண்டுவிடுகிறார்கள். பிழைத்தவள் கொலைக் குற்றவாளியாகக் கூண்டில் நிற்கிறாள். கணவனின் கொடுமையிலிருந்து கைக்குழந்தையோடு ஓடி, அவன் பின்தொடர்வது கண்டு அஞ்சிக் கிணற்றில் குதித்த ஒருத்தியின் வழக்கில், 1940-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அது கொலை ஆகாது எனக் கொண்டு ஆறு மாதச் சிறையோடு நிறுத்தியது. 1989-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற தீர்ப்பொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. நல்லதங்காளின் பெயரையே சட்டச் சொல்லாக்கி, திடீரென மூளும் சினம் மட்டுமன்றி, நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகத் திரண்டு ஒருநாள் கரை உடைக்கும் துயரமும் குற்றத்தின் கடுமையைக் குறைக்கும் என்று அத்தீர்ப்பு ஏற்றது.

அன்பர்களே, நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆடவனின் ஓரிரவுச் சினம் 1881-இலேயே அங்கே செவிசாய்ப்பைப் பெற்றது. பெண்ணின் நெடுநாள் துயரத்திற்கு அதற்கென ஒரு பெயர் கிடைத்தது 1989-இல். இடையில் 108 ஆண்டுகள்! வாள் எடுப்பவனின் உள்ளத்தை அளந்து அமைக்கப்பட்ட விதியில், அடி வாங்குபவளின் உள்ளத்திற்கு அளவுகோலே இல்லை. 'பெண் பாவம்' என்று தீர்ப்பின் இறுதியில் இரண்டு ஆண்டுகளைக் குறைப்பது எளிது. அளவுகோலைத் திருத்துவதே கடினம், அதுவே நீதி. திருத்தப்பட்ட அளவுகோல் ஆணுக்கும் பயன்படும். ஆண்டுக்கணக்கில் கந்துவட்டிக்காரனின் ஏச்சையும் அவமதிப்பையும் தாங்கித் தாங்கி, ஒருநாள் நிலைகுலைந்துபோகும் ஏழை நெசவாளிக்கும் அக்காரணம் பொருந்துமன்றோ?

எதிர்வாதம்

'நம் அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய இடமளிக்கிறதே! சமமற்றவர்களைச் சமமாக நடத்துவதும் அநீதி அன்றோ?' என்று கற்றவர்கள் வினவக்கூடும். வலிமையான வாதம். நான் அதனை மறுக்கவில்லை. தாழ்ந்து கிடப்பவரைத் தூக்கிவிடுவதற்காக அமைந்த பிரிவு அது. கருவுற்ற பெண்ணின் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தே ஆக வேண்டும் என்று இன்றைய சட்டம் சொல்கிறது. முன்னர் அது தள்ளிவைத்தாலே போதும் என்றிருந்தது; குறைப்பது நீதிமன்றத்தின் விருப்பமாக இருந்தது. இத்திருத்தத்தை முழுமனத்தோடு வரவேற்கிறேன். காரணம், அங்கே ஓர் உயிர் இருக்கிறது. சிறையில் உள்ள தாயோடு ஆறு வயது வரை குழந்தை தங்கலாம் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியையும் வரவேற்கிறேன். இவற்றில் இரக்கத்தின் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. பெயரிட்டுச் சொல்ல முடிகிறது.

நான் எதிர்ப்பது பெயரற்ற இரக்கத்தை. காரணம் எழுதப்படாத தள்ளுபடி நீதிபதிக்கு நீதிபதி மாறும். கூண்டில் நிற்பவள் அழுதால் கிடைக்கும். அழ மறுத்தால் கிடைக்காது. மரண தண்டனை வழக்குகளில் குற்றவாளியின் குடும்பம், வளர்ப்பு, உளநிலை, திருந்தும் வாய்ப்பு ஆகியவற்றைத் திரட்டி நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நெறி வகுத்தது. இந்நெறி தூக்கு வழக்குகளோடு நிற்பானேன்? ஐந்தாண்டுச் சிறைக்கும், பத்தாண்டுச் சிறைக்கும் விரிவுபெறட்டும். இவர் சிறை சென்றால் யார் பசித்திருப்பார்? இவரை இக்குற்றத்திற்குத் தள்ளியது யார்? இவர் எத்தனை காலம் எதைத் தாங்கினார்? இம்மூன்று கேள்விகளையும் ஆணிடமும் கேளுங்கள்; பெண்ணிடமும் கேளுங்கள். விடைகள் வேறுபட்டால் தண்டனையும் வேறுபடட்டும். அப்போது பெண்கள் பலருக்கு இரக்கம் கிடைக்கும். அது பிச்சையாக இராது.

ஆடவன் எங்கே?

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் கொண்டுவந்து நிறுத்திய காட்சியை (யோவா 8) நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கையும் களவுமாகப் பிடித்ததாகச் சொன்னார்கள். அவ்வாறாயின் அக்குற்றத்தில் பங்குகொண்ட ஆடவன் எங்கே? மோசேயின் சட்டம் இருவருக்கும் ஒரே தண்டனையைத்தான் விதித்திருந்தது (லேவி 20:10). சட்டத்தில் வேறுபாடு இல்லை. அதைக் கையாண்டவர்களின் கண்ணில் இருந்தது. தானியேல் நூலில் வரும் சூசன்னாவின் வரலாற்றிலோ, நீதி வழங்க வேண்டிய முதியோர் இருவரே பொய்ச்சாட்சிகளாகிக் குற்றமற்ற பெண்ணைச் சாவுக்கு உள்ளாக்கத் துணிந்தனர். அவளைக் காத்தது எது? 'ஐயோ, பெண் ஆயிற்றே' என்னும் பரிதாபமா? இல்லை. சாட்சிகளைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தின் கீழ் என்று கேட்ட இளைஞன் தானியேலின் குறுக்கு விசாரணை!

ஆண்டவரும் அப்பெண்ணைப் பலவீனமானவள் என்று சொல்லி மன்னிக்கவில்லை. குற்றம் சாட்டியவர்களின் மனச்சான்றை முதலில் கூண்டிலேற்றினார். பின்னர் அவளை நிமிர்ந்து நோக்கி, இனிப் பாவம் செய்யாதே என்று, தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்க வல்ல முழு மனிதராக மதித்து அனுப்பினார். அவர் இரக்கத்தில் உண்மை குறையவில்லை; உண்மையில் இரக்கம் குறையவில்லை. நீதிமன்றத்திற்கும் இல்லத்திற்கும் அதைவிடச் சிறந்த முன்மாதிரியை நான் அறியேன்.

நம் பங்கு

நீதிபதிகளைக் குறைசொல்லிவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. தண்டனைக்குப் பின் தண்டனை வழங்கும் நீதிமன்றம் ஒன்று நம் தெருவிலேயே இருக்கிறது. சிறைப்பணிக்குச் செல்வோர் அனைவரும் கண்ட காட்சி இது. ஆண்கள் சிறையின் வாயிலில், சோற்றுப் பொட்டலத்தோடும் மாற்றுத் துணியோடும் மனைவியும் தாயும் வரிசையில் காத்து நிற்பார்கள். பெண்கள் சிறையின் வாயிலில் அவ்வரிசை குறுகியது. சிறை சென்ற கணவனுக்காக மனைவி காத்திருத்தல் கற்பு. சிறை சென்ற மனைவிக்காகக் கணவன் காத்திருந்தால் அவன் மானங்கெட்டவன்! நீதிமன்றம் அவளுக்குக் குறைத்த ஆண்டுகளை, ஊர் வட்டியோடு சேர்த்து வசூலித்துவிடுகிறது. விடுதலை பெற்று வருபவனுக்குத் தறி காத்திருக்கிறது. வருபவளுக்கு வாசற்கதவே திறப்பதில்லை. அவளுக்கு அதிகச் சலுகை என்று பொருமும் ஆடவர் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

இனி, நாம் செய்யக்கூடியவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எதுவாயினும், எந்தப் பெண்ணுக்கும் இலவச வழக்கறிஞர் உதவி பெற உரிமை உண்டு. காவலில் இருக்கும் எவருக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அதே உரிமை உண்டு. நம் சிறைகளில் இருப்போரில் முக்கால் பங்கினர் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள். தண்டனையில் ஏற்றத்தாழ்வு என்று வாதிடுகிறோமே, தண்டனையே விதிக்கப்படாமல் காலம் கழிக்கும் இவர்களுக்காக வாதிடுபவர் யார்? ஒவ்வொரு பங்கிலும் இருவராவது இச்சட்டத்தை அறிந்து, காஞ்சிபுரத்திலோ செங்கற்பட்டிலோ உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் அலுவலகத்திற்கு வழிகாட்டட்டும். பங்கில் ஒருவர் சிறை சென்றால், அவர் தாயாயினும் தந்தையாயினும், அவ்வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை அன்பியங்கள் ஏற்கட்டும். விடுதலை பெற்று வரும் பெண்ணுக்கு, ஞாயிறு திருப்பலியில் நம் அருகே அமர இடம் கொடுப்போம்.

சடாயு பறந்து சென்றது 'ஒரு பெண் அழுகிறாள்' என்னும் பரிதாபத்தால் மட்டும் அன்று. தன் கண்முன் ஓர் அநீதி நடக்கிறது என்பதால். அதற்காகச் சிறகை இழந்தான், உயிரையும் இழந்தான். பெண்ணுக்கு இரங்குவதற்கு நமக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் போதும். அநீதிக்கு எதிராக எழுவதற்கு அதைவிடப் பெரிய விலை வேண்டும். அவ்விலையைக் கொடுக்க நாம் ஆயத்தமா? ஆடவருக்காகவும் பெண்டிருக்காகவும் வேறுபாடின்றிக் கொடுக்க ஆயத்தமா? இதுவே நம் முன் உள்ள வழக்கு.